சி பிளாக் தமிழ்க் குழு, பெங்களூரு

கார்த்திக்: 4 அடி மீன் தொட்டி வந்தாச்சு. ஆஸ்கர் இரண்டு, ஏஞ்சல் நான்கு, மஞ்சள் மலாவி கொஞ்சம் போடலாமா? எல்லாம் சிக்லிட்தானே?

முரளி: தம்பி, மீனுக்குக் காசு கொடுத்துவிட்டாயா?

கார்த்திக்: இல்லை அண்ணா. ஞாயிறு சிவாஜிநகர் போகிறேன்.

முரளி: நல்ல வேளை. ஆஸ்கர் ஓரடி வளரும், வாயில் நுழைவதை எல்லாம் விழுங்கும். ஆஸ்கரும் ஏஞ்சலும் தென் அமெரிக்கா, மென்னீர் மீன்கள். நீ சொல்லும் மஞ்சள் மலாவி, அதாவது மஞ்சள் லேப், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. அதற்குக் கடின நீர், பிஎச் (அமில-கார அளவு) 7.8க்கு மேல் வேண்டும்.

லதா அக்கா: நம்ம போர் தண்ணீரில் கெட்டில் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதில் மீன் பிழைக்குமா?

முரளி: மலாவி மீனுக்கு அதுதான் அக்கா வசதி! காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் நீரைக் கடினமாக்கச் சுண்ணாம்புக் கல் தேடி வாங்கிப் போடுவார்கள். கார்த்தி, நிறத்தைப் பிறகு பார், முதலில் டெஸ்ட் கிட் வாங்கித் தண்ணீரைப் பார்.

கணேசன் சார்: சிக்லிட் என்றால் என்னப்பா?

முரளி: நம்ம ஜிலேபிக் கெண்டை அந்தக் குடும்பம்தான் சார்.

கணேசன் சார்: அப்போ குழம்புக்கு ஆகும் 😂

செல்வி ஆன்ட்டி: வாஸ்துவுக்கு ஃபிளவர்ஹார்ன் ஒன்று சேர்த்துவிடேன்.

முரளி: அதைத் தனித்தொட்டியில்தான் வைக்கணும் ஆன்ட்டி. சேர்த்தால் மற்றது மிஞ்சாது.

கார்த்திக்: சரி, அப்புறம் என்னதான் போட?

முரளி: மஞ்சள் லேப் ஒரு கூட்டம், ரஸ்டி ஒரு கூட்டம். மலாவியில் இரண்டும் சாது. ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்கணும், இல்லையென்றால் ஒரே பெண்ணைத் துரத்தியே கொல்லும். கல்லை அடுக்கிப் பொந்து விடு.

கடையில் மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட குட்டியை முதலில் காட்டுவார்கள். ஆரட்டஸ். குட்டியில் கொள்ளை அழகு. ஆண் வளர்ந்ததும் கறுத்துவிடும், தொட்டியில் ஒருத்தரையும் நிற்க விடாது. ‘மிக்ஸட் ஆப்பிரிக்கன்’ பையில் அதுவும் இருக்கும், தொடாதே.

கார்த்திக்: தீனி?

முரளி: ஸ்பைருலினா (பாசி) குருணை. ரத்தப்புழு வேண்டாம், இந்த மலாவிப் பாறை மீன்களுக்கு வயிறு உப்பிவிடும். பெண் மீன் சாப்பிடாமல் தாடை புடைத்து நின்றால் பயப்படாதே, வாயில் முட்டை வைத்திருக்கும். சுமார் 3 வாரம் அப்படித்தான்.

கார்த்திக்: அப்போ ஞாயிறே வாங்கிவிடலாமா?

முரளி: ஞாயிறு கல்லும் ஃபில்டரும் மட்டும். தொட்டி சில வாரம் ஓடி, டெஸ்ட் கிட்டில் அமோனியா என்கிற நஞ்சு பூஜ்யம் காட்டினால் மீனுக்குப் போவோம், நானும் வருகிறேன்.

லதா அக்கா: தொட்டி நிரப்புவதானால் இன்றே நிரப்பு கார்த்தி, நாளை நம்ம பிளாக் தண்ணீர் சம்ப் கழுவுகிறார்கள்.