தட்டில் நிறம் வந்த நாள்: நிறமியும் ஆன்டிபயாடிக்கும், உங்கள் அனுபவம் என்ன?

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி ப்ராஜெக்டுக்காக எங்கள் ஊர் வயல் மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் தேடினேன். பல ஆன்டிபயாடிக்குகளைத் தரும் மண் பாக்டீரியா அது. மண்ணை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, ஸ்டார்ச் கேசீன் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டில்) பரப்பினேன். மற்ற பாக்டீரியாக்கள் மறுநாளே தலைகாட்டிவிடும். இவை வர சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். லூப்பால் (கம்பி வளையத்தால்) சீண்டினால் அகாரைப் பிடித்துக்கொண்டு வரவே வராது. மேலே விபூதி தூவியதுபோல் பொடி. மூடியைத் திறந்தால் முதல் மழையின் மண்வாசனை. ஜியோஸ்மின் என்கிற அந்த வாசனைப் பொருளை மண்ணில் உண்டாக்குவதில் இந்தக் கூட்டத்துக்குத்தான் பெரும்பங்கு.

ஒன்பதாம் நாள் ஒரு காலனியின் (பாக்டீரியாத் திட்டின்) அடியில் சிவப்பு கண்டேன். அமோனியா ஆவி காட்டியதும் நீலமானது! ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்கிற இனம் தரும் ஆக்டினோரோடின் நிறமி அப்படித்தான் அமிலத்தில் சிவந்தும் காரத்தில் நீலமாகவும் இருக்கும். அந்த நிறமிக்கான ஜீன் தொகுதி முழுவதையும் 1984-ல் இங்கிலாந்தின் நார்விச்சில் ஹாப்வுட் என்ற விஞ்ஞானியின் குழு பிரித்தெடுத்ததைப் படித்திருந்ததால், என் தட்டிலும் அதுவேதான் என்று முடிவுகட்டிவிட்டேன். இப்படி நிறம் மாறும் நிறமிகள் வேறு பலவும் உண்டு என்பது அப்போது உறைக்கவில்லை.

மெத்தனாலில் சாறெடுத்து, டிஸ்க்கில் (சிறு காகித வில்லையில்) விட்டு, ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பரப்பிய தட்டில் வைத்தேன். மறுநாள் அழகான தெளிவளையம், அதாவது டிஸ்க்கைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டம். வீட்டுக்கு ஃபோன் செய்து சொல்லிவிட்டேன். அன்று மாலை சீனியர் அக்கா தட்டைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "வெறும் மெத்தனால் டிஸ்க் எங்கே?" வைக்கவில்லை. மறுபடி செய்தபோது வெறும் மெத்தனாலைச் சுற்றியும் அதே அளவு வளையம்! டிஸ்க்கை நன்றாகக் காயவிட்டு வைத்ததில் நீலச் சாற்றுக்கு வளையமே இல்லை.

அதே மண்ணில் கிடைத்த, நான் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு வெள்ளைக் காலனிதான் மூன்று முறையும் வளையம் கொடுத்தது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் நிறம் இல்லை என்று எத்தனையோ முறை படித்தவன்தான் நான். உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

மறுமொழி

தம்பி, எனக்கு நடந்தது தலைகீழ். நிறத்தைத் தேடினேன், நிறம்தான் காணாமல் போயிற்று. செராஷியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியாவின் சிவப்பு நிறமி, புரோடிஜியோசின், என் வேலை. 1819-ல் இத்தாலியில் பதுவா பக்கம் சோளக்களி இரத்தச் சிவப்பாகி ஊரே மிரண்டபோது, காரணம் ஓர் உயிர் என்று பிசியோ என்பவர் காட்டினாரே, அதே சிவப்பு. ஒருநாள் இடமில்லாமல் தட்டுகளை 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டேன். காலையில் எல்லாம் வெள்ளை. வேறு ஏதோ கலந்துவிட்டது என்று மொத்தத்தையும் ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) போட்டு அழித்தேன். அந்தச் சூட்டில் செராஷியா நன்றாக வளரும், நிறமியை மட்டும் செய்யாது. 28, 30 டிகிரியில் வைத்திருந்தால் சிவந்திருக்கும். மூன்று வார உழைப்பு போனது இன்றும் வலிக்கிறது.

இன்னொன்று. உன் ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டே இருக்காதே. அதன் குரோமோசோம் நீள்கோடு. முனைகளில் பெரிய துண்டுகள் அறுந்துபோவது சகஜம். அதோடு நிறமும் மருந்தும் போகலாம். கிடைத்த வாரமே வித்துகளை (ஸ்போர்களை) 20 சதவீத கிளிசராலில் போட்டு உறையவை.

மறுமொழி

நான் லேப் ஆள் இல்லை. அப்பாவுக்குக் காசநோய் வந்து மாத்திரை ஆரம்பித்த முதல் நாள், சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போனது. இரத்தம் என்று நினைத்து மனிதர் ஒடிந்துபோனார். "மருந்தோட நிறம்தான் ஐயா, பயப்படாதீங்க" என்று நர்ஸம்மா சொன்ன பிறகுதான் சாப்பிட்டார். அது ரிஃபாம்பிசின். பிரான்சில் ஒரு பைன் காட்டு மண்ணிலிருந்து 1957-ல் கிடைத்த பாக்டீரியா தந்த ரிஃபாமைசினை லேபில் மாற்றியமைத்துச் செய்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அங்கே நிறமும் மருந்தும் ஒன்றேதான். ஆறு மாதமும் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் அப்பா மாத்திரை தவறவில்லை என்று அம்மா நிம்மதியாக இருந்தார்.

முதல் பதிவர்

நன்றி அக்கா. வெள்ளைக் காலனி கிளிசராலில், மைனஸ் 80 டிகிரியில் பத்திரமாக இருக்கிறது. நீலத்தையும் பக்கத்திலேயே வைத்துவிட்டேன், எறிய மனம் வரவில்லை. அண்ணா, அப்பா இப்போது நலமா?