பார்க்ஸ் தொலைநோக்கியில் பிடிபட்ட ஓவன்: பயப்பட வேண்டுமா?

மல்லிகைப்பந்தல்:
ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது புதிரான துடிப்புகள் பதிவாகின. ‘பெரிட்டான்’ என்று பெயர் வைத்தார்கள். 2015இல்தான் காரணம் பிடிபட்டது: அந்த வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் ஓவன். ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்தால் அந்தத் துடிப்பு வருகிறது. இதற்குப் பிறகும் ஓவனிலிருந்து கதிர்வீச்சு கசியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அலைவரிசை:
கசியவே கசியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது 64 மீட்டர் அகலத் தட்டு. கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் முனகலைக் கேட்கக் கட்டியது. அதற்குக் கேட்டது என்பதாலேயே நம் உடம்புக்குக் கெடுதல் என்று ஆகாது. கதவைத் திறந்ததும், மைக்ரோவேவை உண்டாக்கும் மேக்னெட்ரான் என்ற பாகம் அணைகிறது. அணையும் அந்தக் கணத்தில் வந்த துடிப்புதான் அது. அமெரிக்க விதிப்படி 5 செ.மீ. தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது. தள்ளி நின்றால் அதுவும் மளமளவென்று குறைந்துவிடும்.

மல்லிகைப்பந்தல்:
குறைவு, சரி. ஆனாலும் கதிர்வீச்சுதானே? எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு ஏன் ஈயத் தடுப்பு வைக்கிறார்கள்?

அலைவரிசை:
பெயர் ஒன்று, வேலை வேறு. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். எக்ஸ்ரேயின் ஒரு ஃபோட்டானிடம், அதாவது ஓர் ஒளித்துகளிடம், ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஓவனின் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஒரு ஃபோட்டானிடம் இருப்பது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. டியூப்லைட் வெளிச்சத்தின் ஃபோட்டானுக்கே இதைவிட லட்சம் மடங்குக்கு மேல் வலு உண்டு. டிஎன்ஏவை உடைக்க இதற்குத் தெம்பில்லை. தண்ணீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடாக்கும், அவ்வளவுதான்.

விண்மீன்பிரியன்:
நாம் எல்லோரும் மைக்ரோவேவில்தான் குளித்துக்கொண்டிருக்கிறோம். 1964இல் நியூஜெர்சியின் ஹோம்டெல்லில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு வானியலாளர்கள் ஆன்டெனாவில் ஓயாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். புறா எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தார்கள், போகவில்லை. அந்த இரைச்சல் எது தெரியுமா? பிரபஞ்சத்துக்குச் சுமார் 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளி, அலைநீளம் நீண்டு நீண்டு மைக்ரோவேவாக வந்து சேர்ந்திருக்கிறது! இப்போதும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அதன் ஃபோட்டான்கள் சுமார் 400 இருக்கின்றன. அதனால் நமக்கு என்ன ஆகிவிட்டது?

மல்லிகைப்பந்தல்:
இதை ஏற்க முடியாது. அது 2.7 கெல்வின், அதாவது சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் குளிர். ஓவன் 800 வாட். இரண்டையும் ஒன்றாக வைத்து ஆறுதல் சொல்வது நியாயமில்லை.

அலைவரிசை:
இதில் நான் உங்கள் பக்கம். வானத்து மைக்ரோவேவ் எவ்வளவு அழகான விஷயமானாலும், ஓவன் பாதுகாப்பானது என்பதற்கு அது சாட்சி ஆகாது. காப்பது அந்த உலோகப் பெட்டியும் கதவு வலையும்தான். அலைநீளம் சுமார் 12 செ.மீ., வலையின் ஓட்டைகள் அதற்கு முன் மிகச் சிறியவை. அதனால் அநேகமாக எதுவும் தாண்ட முடியாது. பெட்டி பழுதானால் சூடே ஆபத்துதான். முக்கியமாகக் கண்ணுக்கு. கண் வில்லையில் ரத்த ஓட்டம் கிடையாது, சூட்டை வெளியேற்ற வழியில்லை.

மல்லிகைப்பந்தல்:
என் அக்கா வீட்டு ஓவனில் கீல் தளர்ந்துவிட்டது. கதவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்.

அலைவரிசை:
இன்றைக்கே போன் செய்து பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். கீலைச் சரிசெய்து, கசிவை அளந்து பார்க்கும்வரை ஓட்டவே வேண்டாம்.