புதுப்பிப்பு: தேவைகள் தெரியும் முன்பே தேதி கேட்ட வாடிக்கையாளர்

மென்பொருளில் என்னென்ன வேண்டும் என்ற தேவைகள் முடிவாகும் முன்பே, வேலை எப்போது முடியும் என்று வாடிக்கையாளர் ஒரே தேதி கேட்கிறார், என்ன சொல்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒற்றைத் தேதி தரவில்லை. 4 முதல் 11 மாதம் என்று கொடுத்தோம். "இவ்வளவு இடைவெளியா?" என்றார். மென்பொருள் பொறியியல் அறிஞர் பாரி போயம் 1981-லேயே காட்டியதைச் சொன்னேன்: வெறும் யோசனையாக இருக்கும்போது போடும் மதிப்பீட்டில் கால் பங்கிலும் வேலை முடியலாம், நான்கு மடங்கும் ஆகலாம்.

ஆனால் வாடிக்கையாளரை யோசிக்க வைத்தது, எதையெல்லாம் நம்பி மதிப்பிட்டோம் என்று மதிப்பீட்டோடு கொடுத்த அனுமானப் பட்டியல்தான். 'பழைய தரவு சுத்தமாக இருக்கும்' என்ற வரியைப் பார்த்ததும், "இல்லையே, ஒரே ஆளின் பெயர் எக்செல்லில் மூன்று விதமாக இருக்குமே" என்றார். 11 மாதம் ஏன் என்று அப்புறம் அவர் கேட்கவே இல்லை. சரி, இப்போது தேவைகளைத் தெளிவாக்க மட்டும் தனி ஒப்பந்தம். அது முடிந்ததும் மறுபடி மதிப்பிடுவோம்.