மறுமொழி: ஸ்னாப் எலெக்‌ஷன் – 'திடீர்த் தேர்தல்' போதுமா?

> பத்திரிகைகள் 'திடீர்த் தேர்தல்' என்று எழுதிக்கொண்டுதானே இருக்கின்றன. புதுச்சொல் எதற்கு?

ஐயா, பதவிக்காலம் முடியுமுன்பே ஆட்சித் தலைவர் தாமே நாள் குறித்து அழைக்கும் தேர்தல்தான் ஸ்னாப் எலெக்‌ஷன் (snap election). அதைத் 'திடீர்த் தேர்தல்' என்று எழுதுகிறார்கள், புரியவும் செய்கிறது. என் குறை வேறு. 'திடீர்' என்பது வாக்காளருக்குத்தான். அறிவிக்கும் தலைவருக்கு அதில் திடீர் ஏது? நாள் பார்த்து, எதிரணியின் நிலைமை பார்த்து, கூட்டிக் கழித்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

'இடைக்காலத் தேர்தல்' இன்னும் சிக்கல். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்து வந்த தேர்தலுக்கும் அதே பெயர். 1970 டிசம்பரில், ஓராண்டுக்கு மேல் காலம் மீதமிருந்தும் இந்திரா காந்தி மக்களவையைக் கலைக்க வைத்தாரே, அதற்கும் அதே பெயர். முதலாவது தலையில் வந்து விழுந்த தேர்தல். இரண்டாவது கேட்டு வாங்கியது. கட்சி உடைந்து, பிறர் தயவில் ஆட்சி ஓடிக்கொண்டிருந்தது. மாநிலத் தேர்தல்களோடு கலக்காமல் தன் பெயருக்கென்று தனியாக வாக்குக் கேட்க நினைத்தார். 352 இடங்கள் கிடைத்தன. கருணாநிதியும் சட்டமன்றத்தை ஓராண்டு முன்னதாகவே கலைத்து அந்தத் தேர்தலோடு சேர்ந்துகொண்டார், தி.மு.க.வுக்கு 184 இடங்கள்.

'முன்கூட்டிய தேர்தல்' நாள்காட்டியை மட்டும்தான் பார்க்கிறது. 2005-இல் ஜப்பானில் அஞ்சல்துறைத் தனியார்மய மசோதாவை மேலவை தோற்கடித்தது; பிரதமர் கொய்சுமி கலைத்ததோ கீழவையை! சொந்தக் கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர்களுக்குச் சீட்டு மறுத்து, அவர்கள் தொகுதிகளிலேயே புதுமுகங்களை நிறுத்தினார். 480-இல் 296 இடங்களை அள்ளினார். இதைப் போய் 'முன்கூட்டிய' என்றால் சப்பென்று இருக்கிறது.

என் பரிந்துரை: முந்துதேர்தல்.

காலத்தாலும் முந்தலாம், எதிராளியையும் முந்தலாம். இரண்டு பொருளும் ஒரே வினையில் கிடைக்கின்றன. வினைத்தொகை என்பதால் நடுவில் 'த்' வராது, ஏவுகணை மாதிரி. முந்துபவர் ஜெயிப்பார் என்ற உத்தரவாதம் சொல்லிலும் இல்லை. பிரிட்டன் பிரதமர் தெரசா மே 2017-இல் கருத்துக்கணிப்பு முன்னிலையை நம்பி இறங்கி, இருந்த பெரும்பான்மையையும் தொலைத்தார். மகிந்த ராஜபக்ச ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அதிபர் தேர்தலை அழைத்து, 2015 ஜனவரியில் சிறிசேனவிடம் தோற்றார்.

> 'சொடுக்குத் தேர்தல்' என்றால் மூலத்துக்கு நெருக்கமாக இருக்குமே?

நெருக்கம்தான், 'ஸ்னாப்' என்பதற்குச் சொடுக்குவது என்றும் பொருள். ஆனால் சொடுக்கு என்றதும் மவுஸ்தான் ஞாபகம் வருகிறது. இணையத்தில் வாக்களிக்கும் திட்டம் என்று நினைத்துவிடுவார்கள்.

சரி, என் சொல்லில் எனக்கே உறுத்தும் இடம் ஒன்று உண்டு. 2024 மே 22 அன்று பிரிட்டனின் ரிஷி சுனக் பிரதமர் இல்ல வாசலில் குடைகூட இல்லாமல், கோட்டு தெப்பலாக நனைய, ஜூலை 4-இல் தேர்தல் என்று அறிவித்தார். கெடுவோ 2025 ஜனவரி வரை இருந்தது. இலையுதிர்காலத்தில்தான் என்று பலரும் எதிர்பார்த்ததால் திகைப்பு முழுசாக இருந்தது. முந்தியது என்னவோ சில மாதங்கள்தான். அங்கே 'திடீர்' கச்சிதமாகப் பொருந்துகிறது, 'முந்து' கொஞ்சம் தொளதொளக்கிறது. எத்தனை மாதம் முந்தினால் முந்துதேர்தல் என்று வரையறுக்க வேண்டுமா, அல்லது நாளைத் தலைவரே தேர்ந்தெடுத்தார் என்பது மட்டும் போதுமா? நான் இரண்டாவது பக்கம். மறுப்பவர்கள் எழுதுங்கள்.