டிவி ஒளிப்பதிவில் நீங்கள் நேரில் பார்த்தது: வேலூர்க்காரர்கள் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி:
சேனல் பெயர் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் ஒளிப்பதிவு. தொகுப்பாளர்தான் இயக்குநரும். சத்தம் வரக்கூடாதென்று மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. வாணியம்பாடிப் பக்கத்து அம்மா ஒருவர் எழுந்து, தோல் தொழிற்சாலைக் கழிவால் தன் கிணறு பாழானதையும், மாட்டை விற்றதையும் சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. தொகுப்பாளர் கையை உயர்த்தினார். "மைக்கில் இரைச்சல் அம்மா. மாடு விற்றதிலிருந்து மறுபடி சொல்லுங்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டாம்." ஓர் உதவியாளர் ஓடிவந்து மைக் ஒயரை முந்தானைக்குள் மறைத்தார். அந்த அம்மா மறுபடி சொன்னார். முதலில் திக்கித் திணறிய இடமெல்லாம் இப்போது சீராக வந்தது. கைதட்டலும் பலமாக இருந்தது. ஒளிபரப்பானது அதுதான். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

ராணிப்பேட்டை:
ஒருவரை வைத்து எல்லோரையும் எடை போடாதீர்கள். விசுவும் இயக்குநர்தான், தொகுப்பாளர்தான். நாடக மேடையிலிருந்து வந்து, பாலசந்தரிடம் வேலை பார்த்து, 1986இல் 'சம்சாரம் அது மின்சாரம்' எடுத்துத் தேசிய விருது வாங்கியவர். சன் டிவியில் 'அரட்டை அரங்கம்' நடத்தியபோது, சாதாரண மனிதர்கள் மைக் பிடித்துப் பேசுவதைத் தெருவே உட்கார்ந்து பார்த்தது. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் அடுப்பில் எது இருந்தாலும் இறக்கிவைத்துவிடுவார்கள். 2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு நாளில் அவர் இறந்த செய்தி வந்தபோது என் அம்மா சொந்தக்காரர் போனதுபோல் அழுதார். அப்படி ஒரு பிணைப்பை மறுபடி மறுபடி பேசவைத்தா சம்பாதிக்க முடியும்?

குடியாத்தம்:
உள்ளூர் கேபிள் சேனலுக்கு நெசவாளர் கூலி பற்றி ஒருமுறை பேசினேன், பாதியை வெட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் என் கதை. ஆனால் இனிமேல் போகிறவர்கள் கவனியுங்கள். கையெழுத்து வாங்கும் தாளை முழுக்கப் படியுங்கள். எங்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அதில் எழுதியிருக்கலாம். முக்கியமானதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், கத்தரி பெரும்பாலும் வால் பக்கம்தான் விழும். பொடிக்கட்டம் போட்ட சட்டை கேமராவில் அலையடிக்கும், வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை இழுக்காதீர்கள். மறுபடி சொல்லச் சொன்னால், "முடியாது ஐயா" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சத்துவாச்சாரி:
ராணிப்பேட்டை ஐயா, விசுவை நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை. குடியாத்தம் அண்ணா, அந்த மண்டபத்தில், அத்தனை விளக்கு வெளிச்சத்தில், அந்த அம்மா எப்படி "முடியாது" என்பார்? பாலாறு கெட்டுப்போனதை 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதிவிட்டது. அதற்குச் சாட்சி சொல்ல அவர் அழுதுகாட்ட வேண்டியதே இல்லை. வேறு தொகுப்பாளர் இருந்திருந்தால் இயக்குநரிடம் "போதும் சார்" என்று சொல்லியிருப்பார். இரண்டும் ஒரே ஆள் என்றால் யார் தடுப்பது?