'இட் ஈஸ்' போட்ட பிறகு எந்த அட்ஜெக்டிவுக்கு 'தட்' வரும்?

கேள்வி:
'இட் ஈஸ் க்ளியர் தட் ஹி லெஃப்ட்' சரியாம், 'இட் ஈஸ் ஈஸி தட் ஹி லெஃப்ட்' தப்பாம். இரண்டும் அட்ஜெக்டிவ்தானே, ஏன் இப்படி? அந்த 'இட்' எதைத்தான் குறிக்கிறது?

பதில் 1:
எதையும் குறிக்காது, எழுவாய் இடத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான். உண்மையான எழுவாய் 'தட்'டில் தொடங்கும் பகுதி, அது நீளமாக இருப்பதால் கடைசிக்குப் போய்விடுகிறது. 'தட் ஹி லெஃப்ட் ஈஸ் க்ளியர்' என்று முன்னால் வைத்தாலும் இலக்கணப்படி சரிதான், ஆனால் பேச்சில் அபூர்வம். க்ளியர், ட்ரூ, ஸ்ட்ரேஞ்ச் எல்லாம் ஒரு செய்தியைப் பற்றிய கருத்து, அதனால் 'தட்' ஏற்கும். ஈஸி, டிஃபிகல்ட் ஒரு செயலைச் செய்வதைப் பற்றியவை, அவற்றுக்கு 'டு' போடுங்கள்.

பதில் 2:
எஸென்ஷியல், இம்பார்ட்டன்ட் மாதிரி அவசியத்தைச் சொல்பவற்றையும் கவனியுங்கள், இதைப் பலர் சொல்லித் தருவதே இல்லை. 'இட் ஈஸ் எஸென்ஷியல் தட் ஹி பி தேர்', இங்கே 'ஹி'க்குப் பிறகு 'ஈஸ்' அல்ல, 'பி'. பிரிட்டிஷ் வழக்கில் 'ஷுட் பி' என்றும் எழுதுவார்கள்.

கேட்டவர்:
சரி, 'ஹி ஈஸ் லைக்லி டு கம்' போல 'ஹி ஈஸ் பாஸிபிள் டு கம்' எழுதலாமா?

பதில் 1:
கூடாது. லைக்லி, சர்டன் இரண்டும் 'ஹி ஈஸ் ... டு', 'இட் ஈஸ் ... தட்' என்ற இரண்டு அமைப்பிலும் வரும். பாஸிபிளுக்கு 'இட் ஈஸ் பாஸிபிள் தட் ஹி வில் கம்' என்பது போல 'இட்' போட்டு எழுத வேண்டும்.