'யூஸ்ட் அப்ராட்' – தமிழில் எப்படி?

மடல் 1

வணக்கம். அஞ்சல்தலைச் சொற்பட்டியலில் ஒட்டோமன் பேரரசுப் பகுதிக்கு இரண்டு சொற்கள் வேண்டும். கான்ஸ்டாண்டிநோபிள், ஸ்மிர்னா, பெய்ரூத், யாஃபா போன்ற ஊர்களில் ஆஸ்திரியா, உருசியா, பிரான்சு, பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி ஆகியவை நடத்திய அஞ்சலகங்களுக்கு ஒன்று. மேலச்சு (அச்சான தலைமேல் பிறகு அடிக்கும் எழுத்து) எதுவும் இல்லாமல் அங்கே விற்று ஒட்டப்பட்ட தாய்நாட்டுத் தலைகளுக்கு, அதாவது 'யூஸ்ட் அப்ராட்' என்பதற்கு, இன்னொன்று. இப்போதைக்கு 'வெளிநாட்டு அஞ்சலகம்', 'வெளியிடப் பயன் தலை' என்று குறித்து வைத்திருக்கிறேன். சரிதானா?

மடல் 2

ஐயா, இரண்டிலும் எனக்கு ஒப்புதல் இல்லை.

'வெளியிட' என்றாலே தலை வெளியீடுதான் நினைவுக்கு வரும். "1885-இல் வெளியிடப் பயன் தலை" என்று யாராவது எழுதினால் படிப்பவர் தடுக்கி விழுவார். 'வெளிநாட்டு அஞ்சலகம்' என்றால் லண்டனில் உள்ள சாதாரண அஞ்சலகமும் நமக்கு வெளிநாட்டு அஞ்சலகம்தானே? ஓர் அரசின் மண்ணில் வேறோர் அரசு தன் ஊழியரையும் தன் கட்டணத்தையும் வைத்துக் கடை விரித்தது என்பதுதான் இங்கே செய்தி. அதற்கு இடம்கொடுத்தவை பழைய வணிகச் சலுகை உடன்படிக்கைகள். அதனால் 'அயலரசு அஞ்சலகம்' என்கிறேன். துருக்கியரும் இவற்றை 'எஜ்னெபி', அயலாருடையவை, என்றே குறித்தார்கள்.

இந்தச் சொல்லை ஒரு கடினமான இடத்தில் வைத்துப் பாருங்கள். 1868-இல் பாக்தாத்திலும் பஸ்ராவிலும் அஞ்சலகம் திறந்தது லண்டன் அன்று, இந்திய அஞ்சல் துறை. ஒட்டியது இந்தியத் தலை. 'பிரிட்டிஷ் அஞ்சலகம்' என்று பொதுவாக எழுதினால் சேகரிப்பவர் அங்கே விக்டோரியாவின் பென்னித் தலைகளைத் தேடுவார். 'அயலரசு' என்றால் எந்த அரசு என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விதான் வேண்டியது.

இரண்டாவதற்கு: தலையில் ஒன்றுமே இருக்காது, முத்திரை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். ஆகவே 'அயல்முத்திரைத் தலை'.

மடல் 3

முதற்சொல் நல்லது. இரண்டாவது இலங்கையில் எடுபடாது. இங்கே அஞ்சல்தலையைத்தான் முத்திரை என்கிறோம். 'அயல்முத்திரைத் தலை' என்றால் அயல்நாட்டு ஸ்டாம்ப் என்றே எங்கள் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். குத்துவதற்கு 'அஞ்சற்குறி' என்று வைத்தால் இரு கரையிலும் குழப்பம் வராது.

அதைவிடப் பெரிய தடை ஒன்று. நீங்கள் இருவரும் இதைத் தலையின் வகையாகப் பார்க்கிறீர்கள். இது வகை அல்ல, பயன்பாடு. ஒரே தாளில் அச்சான இரண்டு தலைகளில் ஒன்று லீட்சில் குறி வாங்கும், மற்றது ஸ்மிர்னாவில் வாங்கும். பயன்படுத்தாத தலைக்கு இந்தப் பெயரைச் சூட்டவே முடியாது. ஆகவே சொல் 'தலை' என்று முடியக்கூடாது. 'அயலிடப் பயன்பாடு' என்று வைப்போம். "அரைப் பென்னி, அயலிடப் பயன்பாடு, பெய்ரூத்" என்று அட்டவணையில் எழுத வசதி.

ஆஸ்திரியத் தலைகளில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1863–64-இல் சோல்டி என்ற காசின் மதிப்பில் வந்த தலைகள், ஆஸ்திரியா ஆண்ட இத்தாலியப் பகுதியான லொம்பார்டி–வெனிசியாவுக்காக அச்சானவை. அவையே லெவாண்ட் (கிழக்கு மத்தியதரைக் கரை) அஞ்சலகங்களிலும் விற்றன. லெவாண்ட் குறி இருந்தால் மட்டுமே அவை அயலிடப் பயன்பாடு. வெனிசியா 1866-இல் கைவிட்டுப் போனது. 1867-இன் சோல்டித் தலைகள் லெவாண்டுக்கென்றே வந்தவை. உள்நாட்டில் அதே படம், ஆனால் ஆஸ்திரியக் காசான குரொய்ட்சரில் மதிப்பு. இவற்றைப் பயன்படுத்தாத நிலையிலும் அடையாளம் காணலாம். இதற்கு 'அயலரசு அஞ்சலக வெளியீடு' என்று தனிப்பெயர் வேண்டும். இத்தாலி 1874-இல் மூலை வடிவத்தை மாற்றி 'எஸ்தெரோ' (வெளிநாடு) என்று மேலச்சிட்டவையும் இந்தப் பெயருக்குள் வரும்.

மடல் 4

அயலிடப் பயன்பாடு என்பதை ஏற்கிறேன். ஆனால் பதிவின் கீழே எச்சரிக்கை வரி இல்லாமல் அச்சுக்கு விடாதீர்கள். சொல்லை நம்பிப் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

கோடுகளாலான பிரிட்டிஷ் நீள்வட்ட அஞ்சற்குறியில் தனி 'சி' என்றால் கான்ஸ்டாண்டிநோபிள், 'எஸ்' அதே நகரின் பழைய பகுதியான ஸ்டம்பூல், 'எஃப்87' ஸ்மிர்னா, 'ஜி06' பெய்ரூத். குறி பாதிதான் தலையில் விழுந்து 'சி' மட்டும் தெரிந்தால் அதைக் கான்ஸ்டாண்டிநோபிள் என்று விற்றுவிடுகிறார்கள். 'சி51' மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் தாமஸ், 'சி28' மான்டிவிடியோ. எழுத்து நடுவில் நிற்கிறதா, இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். ஒதுங்கியிருந்தால் வலப்பக்கம் எண் இருந்திருக்கும். பிறகு தேதி. 1914 செப்டம்பர் முடிவில் இந்த அஞ்சலகங்களை ஒட்டோமன் அரசு மூடவைத்தது. போருக்குப் பின் சில நாடுகள் மீண்டும் திறந்தன. 1923-ஓடு அதுவும் தீர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுத் தேதி இருந்தால் ஒதுக்கிவிடலாம். உறையோடு இருப்பதை வாங்குவதே மேல்: குறி தலையிலும் உறையிலும் ஒரே மையில் தொடர வேண்டும்.

மேலச்சையும் இரண்டாகப் பிரியுங்கள். 1885 ஆகஸ்டில் பிரிட்டன் 2½ பென்னியை 40 பாரா, 5 பென்னியை 80 பாரா, 2 ஷில்லிங் 6 பென்னியை 12 பியாஸ்தர் ஆக்கியது. இரண்டும் துருக்கிக் காசுகள்; 40 பாரா ஒரு பியாஸ்தர், கணக்கு ஒத்துவரும். மதிப்பு இறங்கிய துருக்கிக் காசில் தலை வாங்கி இங்கிலாந்தில் விற்று லாபம் பார்க்கும் வழியை இது அடைத்தது. இது 'மதிப்பு மேலச்சு'. 1905-இல் வந்த வெறும் 'லெவாண்ட்' என்பது 'பெயர் மேலச்சு'. இரண்டையும் 'மேலச்சு' என்று விட்டால் விலைப்பட்டியலைப் படிக்க முடியாது.

ஒரு கேள்வி: 'அயலரசு' என்றால் ரோப்பித் எங்கே போகும்? அது உருசியக் கப்பல் நிறுவனம். 1865-இல் தன் பெயரெழுத்துகளோடு தலையே போட்டது.

மடல் 5

ரோப்பித்தைக் 'கப்பல் நிறுவன அஞ்சல்' என்று கிளைப்பதிவாக வைக்கிறேன். ஆஸ்திரிய லாயிட் என்ற கப்பல் நிறுவனத்தின் முகமைகள் ஒட்டியது ஆஸ்திரிய அரசின் தலையைத்தான், ஆகவே அவை அயலரசுக்குள்ளேயே இருக்கட்டும். லாயிட் குறி பற்றி ஒரு வரி சேர்க்கிறேன்.

பட்டியலில் போவது: அயலரசு அஞ்சலகம், அயலரசு அஞ்சலக வெளியீடு, அயலிடப் பயன்பாடு, அஞ்சற்குறி, மதிப்பு மேலச்சு, பெயர் மேலச்சு. 'வெளியிடப் பயன் தலை' நீக்கப்பட்டது.

மறுபக்கத்துக்கு இன்னும் சொல் இல்லை. இந்த அஞ்சலகங்களோடு போட்டியிட ஒட்டோமன் அரசு வெளிநாட்டுக் கடிதங்களுக்கான தலைகளில் அரபு 'பே' எழுத்தை மேலச்சிட்டுக் கழிவு விலையில் விற்றது. 'கழிவுத் தலை' என்றால் குப்பைக்குப் போகும் தலை போல ஒலிக்கிறது. 'தள்ளுபடித் தலை' என்று வைக்கலாமா? அடுத்த மடலில் சொல்லுங்கள்.